மொபிலைசேஷன் என்னும் சொல்

வேற்றுமொழிச் சொல்லொன்றைத் தமிழிற் பெயர்க்கப் புகுவோர்க்கு அகராதி பெருந்துணையாம். ஆயினும், அகராதி காட்டிய வழியே நெடுந்தொலைவு சென்றபின்னரே வழி தவறினோம் என்று உணரச் செய்யும் சொற்களும் சில உள. அவற்றுள் ஒன்று ஆங்கிலத்தில் வழங்கும் மொபிலைசேஷன் என்பது. சென்ற ஆண்டு வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி வகுப்பிற்கு ஒரு கட்டுரை வரைந்தபோது, இச்சொல் வந்த இடத்தில் "மக்கள் திரட்டப்பட்டனர்" என்று யான் எழுதினேன். அகராதிப்படி அதிற் பிழையொன்றும் இல்லை. விடுமுறைக்கு எம்மூராகிய பள்ளிப்பட்டிற்குச் சென்றிருந்த காலை, எண்பத்தைந்து அகவை கடந்த முதியவர் ஒருவர்க்கு அதனைப் படித்துக் காட்டினேன். அவர் முகஞ் சுளித்து, "எங்கள யாருப்பா திரட்டினது? நாங்களாத்தான் போனோம்" என்றார். அவர்தம் சினத்திற்கு இலக்கணம் யாதென்று தேடப் புகுந்ததே இக்கட்டுரை.

முதற்கண் சொற்பிறப்பைக் காண்போம். இலத்தீன் மொழியில் அசைதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து, அசையத்தக்கது என்னும் பொருளுடைய மொபிலிஸ் என்னும் சொல் தோன்றிற்று. அது பிரஞ்சு மொழி வாயிலாக ஆங்கிலம் புகுந்தது. ஆகவே மொபிலைசேஷன் என்பதன் முதற்பொருள் அசையத்தக்கதாகச் செய்தல் என்பதே. கூட்டஞ் சேர்த்தல் அன்று. நாம் கையிற் கொண்டு திரியும் மொபைலும் இக்குடும்பத்ததே. இன்னும் ஓர் உறவினர் உளர். அவரைச் சொல்லத்தான் நாணமாயிருக்கிறது. கட்டுக்கடங்காக் கும்பலைக் குறிக்கும் மாப் என்னும் ஆங்கிலச் சொல், எளிதில் அலைக்கப்படும் பொதுமக்கள் என்னும் பொருள்பட்ட இலத்தீன் தொடரின் முற்பகுதியை அறுத்துக் கொண்டு, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிற் பிறந்தது. ஆக, ஒரே வேரினின்று கையிலுள்ள கருவியும், கல்லெறியும் கும்பலும், அணிவகுத்த படையும் கிளைத்தன.

இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்த தொடக்கத்திற் சட்டத்தார்க்கும் பயன்பட்டதுண்டு. அசையாச் சொத்தை அசையும் சொத்தாக மாற்றுதல் என்பது அங்கு அதன் பொருள். நம் பழைய பத்திரங்களில் தாவர சங்கமச் சொத்துக்கள் என்று எழுதியிருப்பதை முதியோர் அறிவர். தாவரம் நிற்பது, சங்கமம் அசைவது. நிற்பதை அசைவதாக்கும் செயலே மொபிலைசேஷன் என்றால், பத்திரம் எழுதுவோர்க்கு அதன் பொருள் ஆசிரியர் விளக்காமலே விளங்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல்லைப் படைத்துறை தனக்கே உரிமையாக்கிக் கொண்டது. அமைதிக்காலத்தில் வீட்டிலும் வயலிலும் தொழிற்சாலையிலும் சிதறிக் கிடக்கும் பயிற்சி பெற்ற வீரரை அழைத்து, உடையும் படைக்கலமும் குதிரையும் உணவும் தந்து, குறித்த நாளிற் குறித்த புகைவண்டியில் ஏற்றி எல்லைக்குச் செலுத்துவது படைத்துறையார் பொருள். இதன் கொடுமையை 1914-ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு ஜூலை 30-ஆம் நாள் உருசியப் பேரரசர் பொது மொபிலைசேஷனுக்கு ஆணையிட்டார். அதனைத் திரும்பப் பெறுமாறு செருமனி கேட்டது. உருசியா மறுக்கவே, ஆகஸ்ட் 1-ஆம் நாள் செருமனி போர் அறிவித்தது. அன்று செருமானியப் பேரரசர் தம் படையைக் கிழக்கே மட்டும் செலுத்தலாகாதா என்று வினவ, தலைமைத் தளபதி மோல்ட்கே, ஆண்டுக்கணக்கில் வகுத்த ஏற்பாட்டை ஒரு நாளில் மாற்றலாகாது என்று மறுத்துவிட்டார். அசைத்தற்கென்று அமைத்த பொறி, அசையத் தொடங்கியபின் அசைத்தவன் கைக்கு அடங்கவில்லை. அண்மையில் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் உருசியத் தலைவர் அறிவித்த பகுதி மொபிலைசேஷனில் மூன்று இலட்சம் பேரை அழைப்பதாகச் சொல்லப்பட்டபோது, இச்சொல் மறுபடியும் எல்லா நாட்டுச் செய்தித்தாள்களிலும் தலைப்பெழுத்தாக நின்றது.

படையிலிருந்து இச்சொல் பல துறைகட்குப் பெயர்ந்தது. வங்கியார் டெபாசிட் திரட்டுவதையும், அரசினர் வரியாலும் கடனாலும் வளந் திரட்டுவதையும் இச்சொல்லாற் குறிப்பர். அரசாங்கக் கட்டட வேலை ஏற்கும் காண்டிராக்டர்க்கு, எந்திரங்களையும் ஆட்களையும் வேலையிடத்திற்குக் கொண்டு சேர்க்கத் தரும் முன்பணத்திற்கும் இப்பெயரே. இவற்றிலெல்லாம் திரட்டல் என்று பெயர்த்தால் ஒருவாறு பொருந்தும். மருத்துவமனைக்குப் போனால் அப்பெயர்ப்பு அறவே உதவாது. அறுவை மருத்துவம் செய்யப்பெற்ற நோயாளியைக் காலந் தாழ்த்தாது கட்டிலை விட்டு எழுப்பி நடக்கச் செய்தலும், இறுகிப்போன மூட்டை இயன்முறை மருத்துவர் மெல்ல மெல்ல அசைத்து இளக்குதலும் மொபிலைசேஷனே. நோயாளியைத் திரட்டினார் என்று எழுதினால் நகைப்பிற்கிடமாம். உழவுத்துறையில் இன்னும் அழகியதோர் ஆட்சி உண்டு. மண்ணிற் கரையாது கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைப் பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் கரைத்துப் பயிரின் வேருக்கு எட்டச் செய்கிறது. இதனையும் இச்சொல்லாற் கூறுவதுண்டு. மணிச்சத்து எங்கிருந்தும் கொண்டுவரப்பட்டதன்று. முன்னரே அம்மண்ணில் இருந்தது. கட்டு அவிழ்ந்தது, அவ்வளவே. இவ்வுவமையைப் படிப்போர் மறவாதிருக்க வேண்டுகிறேன். எல்லைப் போராட்டத்திற்கு வரும்போது இது தேவைப்படும்.

இனித் தமிழ்ச்சொல்லை நோக்குவோம். திரள் என்பதன் பொருள் பல ஒன்றாதல், நெகிழ்ந்தது இறுகுதல் என்பன. மோரினின்று வெண்ணெய் திரள்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சினால் திரட்டுப்பால் ஆகிறது. பல நூற்பாடல்களைத் தொகுத்தவர் புறத்திரட்டு என்றும் பன்னூற்றிரட்டு என்றும் பெயரிட்டனர். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதையை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் சொல்ல வேண்டுவதில்லை. இவ்வாட்சிகளை எல்லாம் ஒருங்கு வைத்துப் பார்க்குமிடத்து ஒரு வியப்புத் தோன்றுகிறது. இலத்தீன்காரன் கண்ட காட்சி, இறுகி நின்றது இளகி அசைதல். தமிழன் கண்ட காட்சி, இளகிப் பரந்தது இறுகிக் கூடுதல். இரண்டும் ஏறத்தாழ ஒன்றற்கொன்று எதிர்! ஒரே நிகழ்ச்சியை இருவரும் இரு கோடியில் நின்று பார்த்திருக்கின்றனர். வீட்டில் அமர்ந்திருந்தவன் எழுந்ததை ஒருவன் கண்டான். எழுந்தோர் பலர் ஓரிடத்துக் கூடியதை மற்றவன் கண்டான். ஆதலின் திரட்டல் என்னும் சொல் மொபிலைசேஷனின் பின்பாதியைத் தருமேயன்றி முன்பாதியைத் தருவதன்று. முன்பாதிக்கு இயக்கம் என்னும் சொல்லே நெருங்கிவரும். இயங்குதற்கும் இயக்குதற்கும் பொதுவாக நின்று, பின்னர் மக்கள் எழுச்சிக்கே பெயராய் அமைந்தமை அச்சொல்லின் பேறு.

பண்டைத் தமிழர் இதற்கென ஒரு பொதுப்பெயர் வைத்திலரோ எனின், அவர் செயல்தோறும் தனித்தனியே பெயர் வைத்தனர் என்க. மாற்றான் மண்மேற் செல்வது வஞ்சித்திணை. புறப்பொருள் வெண்பாமாலை அதன்கண் படை எழும் ஆரவாரத்தை வஞ்சியரவம் என்றும், நல்வேளையிற் குடையை முன்னர்ப் போக்குதலைக் குடைநிலை என்றும், வாளைப் போக்குதலை வாணிலை என்றும் துறை வகுக்கிறது. அரசன் வீரர்க்குச் சோறளித்து விடுக்கும் பெருஞ்சோற்றுநிலையும் உண்டு. இன்று கூட்டத்திற்கு ஆள் கூட்டுவோர் பிரியாணிப் பொட்டலம் தருவதைப் பெருஞ்சோற்றுநிலை என்று எங்கள் விடுதியில் ஒரு நண்பர் கூறுவார். அது தவறு. பெருஞ்சோறு, முன்னரே உயிர் கொடுக்கத் துணிந்தவர்க்கு அரசன் காட்டிய நன்றி. பொட்டலமோ துணிவில்லாதார்க்குத் தரும் கூலி. திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் படையை ஆறு வகையாக்கி, மூலப்படையையும் கூலிப்படையையும் வேறு பிரித்தது இவ்வேறுபாடு நோக்கியே. நம் தெருவிலும் இவ்வேறுபாட்டிற்குச் சொல் இல்லாமற் போகவில்லை. லாரியில் ஆள் ஏற்றுதல், ஆள் பிடித்தல் என்பனவற்றை எவரும் பாராட்டிச் சொல்லக் கேட்டதில்லை.

இப்போது அம்முதியவர் சினத்தை ஆராயலாம். திரள் என்பது தன்வினை. திரட்டு என்பது பிறவினை. உருள், உருட்டு என்பதைப் போன்றது இது. ஆங்கிலத்தில் மொபிலைஸ் என்னும் வினை இரண்டிடத்தும் வரும்; நாடு தானே எழுந்தாலும், பிறர் எழுப்பினாலும் சொல் ஒன்றே. எழுதுகிறவன் யாரால் என்று கூறாமலே நழுவிவிடலாம். தமிழ் அவ்வாறு நழுவவிடாது. திரண்டனரா, திரட்டப்பட்டனரா என்று முதலிலேயே கேட்டு நிற்கும். இன்னோர் அழகும் உண்டு. இதே வாய்பாட்டில் மருள், மருட்டு என்றும், தெருள், தெருட்டு என்றும் இரண்டு இணைகள் உள்ளன. மக்களைத் திரட்டுவோர் அஞ்சுவித்தும் மயக்கியும் திரட்டலாம். அது மருட்டித் திரட்டுதல். அறிவுறுத்தித் தெளிவித்தும் திரட்டலாம். அது தெருட்டித் திரட்டுதல். மருட்டப்பட்டவன் மருள் நீங்கியதும் வீடு திரும்புவான். தெருட்டப்பட்டவனோ, யாவர் தெருட்டினார் என்பதையும் மறந்து, தானாகப் போனதாகவே அறுபது ஆண்டுகட்குப் பின்னும் சொல்லுவான்.

திருமறையில் நியாயாதிபதிகள் ஆகமத்தின் ஏழாம் அதிகாரம் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. மீதியானியர்க்கு எதிராகக் கிதியோன் எக்காளம் ஊத, 32,000 பேர் கூடினர். பயமுள்ளவன் திரும்பிப் போகலாம் என்று அறிவிக்கப்பட்டபோது 22,000 பேர் போய்விட்டனர். எஞ்சிய 10,000 பேரினின்றும் தண்ணீர்க் கரையிற் செய்த தேர்வினால் 300 பேரே நின்றனர். உலகத்துப் படைத்தலைவர் யாவரும் கூட்டுதலையே தொழிலாகக் கொள்ள, இங்கே குறைத்தல் தொழிலாயிற்று. வேதபாட வகுப்பில் இதனை விசுவாசத்திற்கு எடுத்துக்காட்டாகவே கேட்டு வந்தேன். சொல்லாராய்ச்சிக்கும் இது துணை செய்யும் என்று அப்போது நினைத்தேனல்லேன்.

இனி வடக்கெல்லைக்கு வருவோம். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டது. திருத்தணியும் அதனோடு இணைந்திருந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே அடுப்படியில், வழங்கும் நாடு இது. குருவராசப்பேட்டையில் ஆசிரியராய் இருந்த மங்கலங்கிழார் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் தமிழ்ச் சங்கங்களை நிறுவி, ஏழை எளியவர்க்கும் தமிழ் கற்பித்து வந்தார். அவர் கையில் முரசும் இல்லை, கொடியும் இல்லை. கரும்பலகையும் இலக்கணமுமே இருந்தன. இந்தத் தமிழ்ப்பணியினின்றே எல்லைப்பணி முளைத்தது. 1946-ஆம் ஆண்டிற் தமிழரசுக் கழகம் கண்ட ம. பொ. சிவஞானம், வடவேங்கடம் வரையிலும் தமிழகம் என்னும் முழக்கத்தோடு இப்பகுதிக்கு வந்தபோது, அவர் பேச்சைக் கேட்டு எழுதற்கு ஏற்ற மண் இங்கு ஆயத்தமாயிருந்தது. மேலே கூறிய மணிச்சத்தை ஈண்டு நினைவு கூர்க. நாவன்மையாற் சிவஞானம் மக்களைத் திரட்டினார் என்று எழுதுவது பொய்யன்று. ஆயின் கட்டு அவிழ்த்தவர் வேறொருவர், அதுவும் ஒலியின்றி அவிழ்த்தவர். மங்கலங்கிழார் 1953-ஆம் ஆண்டிற் காலமானார். தம் உழைப்பின் முடிவை அவர் காணவில்லை.

எதிர்த்திசையிலும் ஓர் எழுச்சி நிகழ்ந்தது. ஆந்திரர்க்குத் தனி மாநிலம் வேண்டிப் பொட்டி சீராமுலு 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் உண்ணாநோன்பு தொடங்கி, டிசம்பர் 15-ஆம் நாள் உயிர் துறந்தார். உடனே ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன. நான்காம் நாள், டிசம்பர் 19 அன்று, ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். சொற்பொருளை ஆராய்வார்க்கு இதைவிட அரிய சான்று கிட்டாது. அசையச் செய்தல் என்பது அச்சொல்லின் பொருள். அதனைச் செய்தவரோ ஐம்பத்தெட்டு நாள் ஓரிடத்தே கிடந்தவர். எவரையும் எவ்வூர்திக்கும் ஏற்றியவரல்லர். நிற்றல் வேறு, அசைதல் வேறு என்று மேலே தாவர சங்கமம் காட்டி யான் எழுதியது அத்துணைத் திட்டமானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணி உட்பட, அதனிடம் போயிற்று. சென்னை நகரம் தமிழரிடமே நின்றது. எல்லைப்பகுதியில் மறியலும் சிறைசெல்லலும் நிகழ்ந்தன. போராட்டத்திற் சிறை புகுந்தோருட் சிலர் உயிரும் இழந்தனர். பின்னர் பட்டாஸ்கர் நடுவராய் அமர்ந்து இரு தரப்பையும் கேட்டார். அவர் முடிவின்படி 1959-ஆம் ஆண்டிற் சட்டம் நிறைவேறி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் அந்நாட் சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தன. மாற்றாகச் சத்தியவேடு முதலிய ஊர்கள் ஆந்திரத்திற்குப் போயின. திருப்பதி மீளவில்லை. வேங்கடம் வரை வேண்டிப் புறப்பட்டவர்க்குத் தணிகை வரையே கிடைத்தது.

தணிகை என்றதும் ஆடிக் கிருத்திகை நினைவுக்கு வரும். அந்நாளிற் பூக்காவடி ஏந்தி மலையேறுவோர் தொகை எண்ணிற்கடங்காது. யான் வேறு சமயத்தேன் ஆயினும், எம்மூர் வழியே அவர்கள் போவதைச் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன். அவர்களை எவரும் அழைப்பதில்லை; பஞ்சாங்கமே போதும். கலப்பற்ற திரள்தலைக் காண வேண்டுவோர் அன்று அங்கே காணலாம். எல்லைப் போராட்டம் அவ்வகையதன்று. அங்கே தலைவர் இருந்தனர். மேடையும் துண்டறிக்கையும் இருந்தன. திரள்தலுக்கும் திரட்டுதலுக்கும் இடைப்பட்டதொன்று அது; இதற்குத் தமிழிலும் தனிச்சொல் இல்லை.

முதியவரிடம் மறுபடியும் சென்றேன். அன்று அவரோடு தெலுங்கு பேசும் நண்பர் ஒருவரும், ஏறத்தாழ ஒத்த அகவையினர், திண்ணையில் அமர்ந்திருந்தார். இருவரும் இளமை முதல் அண்டை வீட்டார். மொபிலைசேஷனுக்குத் தெலுங்கில் என்ன சொல்வீர்கள் என்று அவரைக் கேட்டேன். சமீகரணம் என்றார். கணக்கில் வரும் சமன்பாட்டிற்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர். 2015-ஆம் ஆண்டில் அமராவதித் தலைநகருக்கென உழவர் நிலங்களை ஒருங்கு சேர்த்ததையும் ஆந்திர அரசினர் பூசமீகரணம் என்றே வழங்கினர். திரட்டுப்பாலுக்கும் சமன்பாட்டிற்கும் எத்துணைத் தொலைவு! இலத்தீனன் அசைத்தான், தமிழன் இறுக்கினான், தெலுங்கன் சமமாக்கினான்.

பின்பு எல்லைப் போராட்டப் பேச்சு வந்தது. எம் முதியவர் வழக்கம்போல, "நாங்க போனோம்" என்று தொடங்கினார். அவர் நண்பர் சிரித்துக்கொண்டே, "மேமூ வெள்ளாம்" என்றார். நாங்களும் போனோம் என்பது அதன் பொருள். அவர் போனது மற்றப் பக்கத்துக் கூட்டத்திற்கு. இங்கே எனக்கு ஓர் இலக்கணக் குறிப்புத் தோன்றிற்று. முன்னிலையாரை உளப்படுத்தும் நாம் என்பதும், அவரை விலக்கும் நாங்கள் என்பதும் தமிழில் வேறு வேறு. தெலுங்கிலும் அவ்வாறே, மனம் என்பது வேறு, மேமு என்பது வேறு. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மக்களை எழுப்புவோர் யாவரும் சிதறிக் கிடக்கும் பல நாங்களை ஒரு நாம் ஆக்கவே முயல்கின்றனர்; ஆக்குங்கால் அந்த நாம் என்பதன் வெளியே யாரோ ஒருவரை நிறுத்த வேண்டியதாகிறது. 1953-ஆம் ஆண்டில் இவ்விருவரும் ஒரு தெருவிலிருந்து புறப்பட்டு இரு கூட்டத்திற்குச் சென்றனர். அதன்முன் கிணற்றைப் பற்றியும் ஆற்றுநீரைப் பற்றியும் பேசியபோது அவர்கட்கு நாம் என்றும் மனம் என்றும் வந்த சொல், அந்நாள் முதல் நாங்கள் என்றும் மேமு என்றும் ஆயிற்று. வெற்றி தோல்விகளை எழுதும் நூல்கள் இவ்விழப்பைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. அப்போராட்டம் வேண்டாததென்று யான் கூறுகின்றேனல்லேன். அது நடந்திராவிடில் தமிழ் ஆனர்சு வகுப்பில் யான் அமர்ந்திருப்பேனோ என்பது ஐயமே. ஆயினும் இழப்பு இழப்புத்தான்.

கட்டுரையைத் திருத்தி எழுதினேன். வங்கிக்கும் கருவூலத்திற்கும் திரட்டல் என்றும், படைக்குப் படையெழுச்சி என்றும், நோயாளிக்கு எழுந்தியங்கச் செய்தல் என்றும் வைத்துக்கொண்டேன். மக்கள் வரும் இடத்தில் மட்டும் பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லாகவே எழுதினேன். எவர் எழுப்பினர், எவர் எழுந்தனர் என்று இரண்டையும் சொல்ல வேண்டியிருந்தமையின் தொடர் நீண்டுவிட்டது. நீளத்திற்காக ஆசிரியர் மதிப்பெண் குறைத்தார். முதியவரிடம் திருத்திய படியைக் காட்டினேன். இம்முறை முகஞ் சுளிக்கவில்லை. "இதை இவருக்கும் படிச்சுச் சொல்லு" என்று நண்பரைக் காட்டினார். தெலுங்கிற் சொல்லிக்கொண்டு வந்தேன். எழுந்தனர் என்ற இடத்தில் எச்சொல்லை இடுவது என்று தெரியாமல் நின்றபோது, இருவரும் தமக்குள் சிறிது நேரம் வழக்காடி, ஒரு முடிவுக்கு வாராமலே காபி குடிக்க எழுந்துவிட்டனர்.